ஆயுத பூஜைக்குப் போட்ட கையெழுத்து

ஒரு காட்டில் ஒரு பறப்புப் பள்ளி இருந்தது. இருந்தது என்றால், போர்டு பெரிதாக இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் சேவல் நாச்சிமுத்து. வேலியைத் தாண்டுவதற்கே மூன்று தடவை மூச்சு வாங்குகிறவர். ஆனாலும் தலைமை. ஏன், எப்படி என்றெல்லாம் கேட்கக் கூடாது.

அந்தக் காட்டுச் சட்டம் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது. ஒரு குஞ்சு முதல்முறையாகத் தனியே பறக்க வேண்டுமானால், 'இதைத் தனியே விடலாம், நான் பொறுப்பு' என்று பயிற்சியாளர் ஒருவர் அதன் லாக்புக்கில், அதாவது பயிற்சிப் பதிவேட்டில், கையெழுத்துப் போட வேண்டும். நல்ல சட்டம்தான். நாச்சிமுத்து அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று ஐம்பது வெற்று லாக்புக்குகளை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, நல்ல நேரம் பார்த்து ஐம்பதிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். குஞ்சுகள் அப்புறம் வந்து சேரும். சிலது அப்போது முட்டையை விட்டே வந்திருக்காது.

அந்தப் பள்ளியில் உருப்படியாகப் பாடம் நடத்திய ஒரே ஆள் பருந்து இருளப்பன். அவனிடம் படித்தவள் வெள்ளச்சி என்கிற கொக்குக் குஞ்சு. ஏறுவாள், திரும்புவாள், எல்லாம் ஜோராகச் செய்வாள். இறங்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

"ஏம்மா, தரையைப் பாத்துதானே இறங்கணும்?"

"பாத்தா பயமா இருக்கு சார்."

இருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்றே அவள் லாக்புக்கில் எழுதினான்: 'இறங்கும்போது கண்ணை மூடுகிறாள். இந்தப் பயம் போகும்வரை தனியே விடக் கூடாது.'

இந்த நேரம் பார்த்து, பள்ளியைப் பார்வையிட சிங்கராஜா வருவதாகச் சேதி வந்தது. பத்துக் குஞ்சுகள் தனியாகப் பறந்து காட்ட வேண்டுமாம். நாச்சிமுத்துவுக்கு ஒன்பதுதான் தேறின.

"வெள்ளச்சியையும் விடுய்யா" என்றார்.

"அவளுக்கு இன்னும் இறங்க வரலைங்க. விழுந்தா செத்துருவா."

"அதான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே! அப்புறம் எப்படிய்யா விழுவா?"

இந்த மரமண்டையோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று, ராஜா வருகிற அன்று காலையிலேயே இருளப்பன் காட்டு அலுவலகத்துக்குப் பறந்தான். எப்படியாவது ஒரு தடை உத்தரவு வாங்கிவிட வேண்டும். கவுன்ட்டரில் ஆமையார் உட்கார்ந்திருந்தார். முன்னால் பதினெட்டுப் பேர் வரிசையில். அவன் முறை வந்தபோது உச்சி வெயில்.

"படிவம் ஏழு. மூணு பிரதி. போட்டோ ஒட்டணும்" என்றார் ஆமையார்.

"ஐயா, ஒரு உயிருங்க!"

"அப்படின்னா நாலு பிரதி."

அவன் போட்டோவுக்கு அலைந்துகொண்டிருந்தபோது வெள்ளச்சி ராஜா முன்னால் ஏறினாள். அழகாகத் திரும்பினாள். ராஜா கைதட்டினார். இறங்கும்போது கண்ணை மூடினாள், நேரே பனைமரத்தில் போய் மோதினாள்.

உயிர் தப்பிவிட்டது. வலது இறக்கை முறிந்துவிட்டது. இனி அவள் பறக்க முடியாது. இருளப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான்.

விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி யார் என்கிறீர்கள்? அதே ஆமையார்தான்.

"நாச்சிமுத்து, இவளுக்கு இறங்கத் தெரியாதுன்னு உமக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க. நான் இவளைப் பாத்ததே இல்லை."

"கையெழுத்து?"

"அது போன ஆயுத பூஜைக்குப் போட்டதுங்க. அப்ப இவ பள்ளியிலேயே சேரலை."

"ஆக, கள்ளங்கபடம் இல்லை" என்று எழுதிக்கொண்டார் ஆமையார். "இருளப்பா, உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க! எழுதியே வெச்சிருக்கேன், பாருங்க!"

ஆமையார் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "அடப்பாவி! ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் அவ விழுகிறப்போ நீ பள்ளியிலேயே இல்லை!"

"உங்க கவுன்ட்டர்லதானய்யா நின்னேன்!"

"என் கவுன்ட்டரை விசாரணைக்குள்ள இழுக்காதே."

கட்டுப் போட்ட இறக்கையோடு வெள்ளச்சி முன்னால் வந்தாள். "ஐயா, சார் அன்னைக்கே என்னை விட வேணாம்னுதான் சொன்னாருங்க."

"பாத்தீங்களா?" என்றார் ஆமையார். "பாதிக்கப்பட்டவளே சாட்சி சொல்லிட்டா. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

இருளப்பனின் லைசென்ஸ் ரத்தானது. இறக்கையில் பறப்பதற்கான இறகுகளையும் கத்தரித்துவிட்டார்கள். நாச்சிமுத்து அடுத்த வருஷத்துக்கு நூறு லாக்புக்குகள் வேண்டுமென்று எழுதிப் போட்டார்.

மறுநாள் காலையிலிருந்து அந்தப் பள்ளியின் மற்றப் பயிற்சியாளர்கள் எல்லோரும் குஞ்சுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்தார்கள்.

நீதி: உன்னிடம் படிக்கிறவரை ஒருநாளும் உற்றுப் பார்த்துவிடாதே. பார்த்தவன் குற்றவாளி, கையெழுத்துப் போட்டவன் வெறும் தலைமை.