மறைந்த நிறுவனர்

"உங்க பள்ளிக்கூடத்துக்கு வரலாறு ஏதாவது இருக்கா?" என்று அதிகாரி தொலைபேசியில் கேட்டதும் தலைமை ஆசிரியர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது. வரலாறு தெரியவில்லை.

"பழைய பள்ளிக்கூடம்னா கை வைக்க மாட்டாங்க. இல்லேன்னா இழுத்து மூடிட்டு பசங்களைப் பக்கத்து ஊருக்கு மாத்திடுவாங்க. நாளைக்கு வந்து பார்க்கறேன்."

அங்கே பாடம் நடத்துவதும் தலைமை ஆசிரியரே, மணி அடிப்பதும் அவரே. பிள்ளைகள் எல்லாரும் இரண்டு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள். அவர்கள் இல்லாத ஒரு காலைப்பொழுதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"நூறு வருஷப் பள்ளிக்கூடம் சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

நூறு வருஷம் என்றால் நிறுவனர் வேண்டும். நிறுவனர் என்றால் படம் வேண்டும். தச்சர் வீட்டுச் சுவரில் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்த ஒரு படத்தை, யாரென்று கேட்காமலே தச்சரிடம் இரவல் வாங்கி, கீழே 'மறைந்த நிறுவனர்' என்று எழுதி மாட்டினார்.

மறுநாள் காலையில் மறைந்த நிறுவனரே நேரில் வந்துவிட்டார். தச்சரின் மாமனாராம்.

"என்னை எப்ப சாகடிச்சீங்க, வாத்தியாரே?"

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நூறு வருஷப் பள்ளிக்கூடம்னு அதிகாரிகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க."

"மழைக்குக்கூட நான் பள்ளிக்கூடத்துல ஒதுங்கினதில்ல. என் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா."

அதற்குள் ஜீப் வந்து நின்றது. அதிகாரி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நிறுவனரோட பேரன் சார்," என்றார் தலைமை ஆசிரியர் அவசரமாக. "முகம் அப்படியே உரிச்சு வெச்சிருக்கும்."

தனக்கே தான் பேரனானது பெரியவருக்குப் பிடித்துப்போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நூறு வருஷம்னு யார் சொன்னது? ராஜா வீட்டுப் புள்ளைங்க இங்கதான் படிச்சாங்க. முட்டி போட்டதும் இங்கதான்."

தலைமை ஆசிரியர் இருமினார், கண்ணைக் காட்டினார், காலை மிதித்தார். மிதிக்க மிதிக்க வருஷம் ஏறிக்கொண்டே போய் முந்நூறில் நின்றது.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்டோ ஏதுங்க?" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டுக்கு எல்லாமே கொஞ்சம் சீக்கிரமா வந்துடும் சார்."

அதிகாரி உருகிப்போனார். "இனிமே இந்தக் கட்டடத்து மேல ஒருத்தன் கை வைக்க முடியாது. நினைவுச் சின்னமா இப்பவே அறிவிச்சுடறேன்."

தலைமை ஆசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பெரியவரைக் கட்டிக்கொண்டார்.

ஜீப் ஓட்டுநர் கையில் ஒரு பெரிய பூட்டோடு வந்து நின்றார்.

"பசங்களைக் கொஞ்சம் வெளியே வரச் சொல்லுங்க சார். நினைவுச் சின்னத்துக்குள்ள யாராவது பாடம் நடத்துவாங்களா? பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துல நானே கொண்டுபோய் விட்டுடறேன்."