நெஞ்சைக் குதிகாலில் பார்த்தவர்

ஊவா மாகாணத்திலேயே மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் காலம் தள்ளிய ஒரே ஆள் எங்கள் மருந்து ஐயாதான். தொண்ணூறுகளில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்டவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் குதிகால் ஐயா.

காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நான் பேர் கூப்பிடுவேன். ஐயா வரிசைக்குப் பின்னால் குந்திக்கொண்டு ஒவ்வொரு குதிகால் நரம்பையும் அமுக்கிக்கொண்டே போவார். ஒருநாள் குனிந்த வேகத்தில் பெரிய துரையின் காலையும் பிடித்துவிட்டார். துரை என்னவோ கோரிக்கை என்று பயந்து, கேட்காமலே எல்லோருக்கும் அரைநாள் லீவு கொடுத்தார். நரம்பு தடித்திருந்தால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல், அது பரம்பரையாக வரும், நெஞ்சைச் சத்தமில்லாமல் அடைக்கும் என்பது ஐயாவின் கட்சி. ரொட்டியும் சம்பலும் தின்கிறவனுக்கு அது எங்கிருந்து வரும் என்று நாங்கள் சிரிப்போம். ஊரார் காலைப் பிடிக்கிற மனுசன் தன் காலை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. கொளுத்தும் வெயிலிலும் தடித்த காலுறை.

என் சிரிப்பு உதட்டோடு சரி. அப்பா நாற்பது வயதில், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் கத்தியோடு விழுந்தவர், எழும்பவே இல்லை. சித்தப்பா முப்பத்தெட்டில் போனார். நேர்த்திக்கடனை மறந்த குடும்பத்தின் மேல் அம்மனுக்குக் கோபம் என்றார்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு. பயத்தில் அந்த வருஷத் திருவிழாவில் தீ மிதிக்கக் காப்புக் கட்டினேன்.

தோட்டமே கரகத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் தீயைக் கடந்து பால் குழியில் கால் வைத்ததும் யாரோ என் குதிகாலை இறுக்கிப் பிடித்தார்கள். அம்மனே வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அசையாதையும், கணக்கப்பிள்ளை. நரம்பு விரல் மொத்தத்துக்கு இருக்கு. உம்மட அப்பா எத்தினை வயசில செத்தவர்?"

"ஐயா, சாமி வந்திருக்குங்க. காலை விடுங்க."

"சாமியை நாளைக்கும் கும்பிடலாம். அதுக்கு நீர் இருக்கோணும்."

மறுவாரம் பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்கு இழுத்துப் போனார். இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் எக்கச்சக்கம். ஆனால் படுக்கவைத்து எடுத்த ஈ.சீ.ஜீ.யில் ஒரு குற்றமும் இல்லை.

"பாத்தீங்களா ஐயா, நம்ம நெஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் டாக்டரைப் பார்த்து, "படுத்திருந்தா எல்லா நெஞ்சும் நல்ல நெஞ்சுதான். இவரை நடக்க விட்டுப் பாருங்கோ" என்றார்.

ஓடும் பெல்ட்டில் ஏற்றினார்கள். தினமும் நாலு மலை ஏறி இறங்குகிறவனுக்கு இது ஒரு மெஷினா என்று காற்சட்டையை மடித்துவிட்டு நடந்தேன். மூச்சுகூட வாங்கவில்லை. டாக்டர்தான் காகிதத்தில் வந்த கோடுகளைப் பார்த்து முகம் மாறி மெஷினை நிறுத்தினார். கொழும்புக்கு அனுப்பிப் படம் எடுத்தபோது, எனக்கு ஒரு நோவும் காட்டாமலே நெஞ்சின் இரத்தக் குழாய்கள் பாதிக்கு மேல் அடைத்திருந்தன.

அங்கேயே நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். தினமும் விழுங்கக் குளிசை தந்தார்கள். அப்பாவின் வயதைத் தாண்டிய அன்று கவ்வாத்து மலையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

சில வருஷங்களில் ஐயா ஓய்வு பெற்றார். பண்டாரவளை ஸ்டேஷனில் அவர் காலில் விழுந்தேன். அவர் பதறி விலகப் பார்த்தார். அதற்குள் என் விரல் பட்டுவிட்டது. காலுறைக்குள்ளே நரம்பு விரல் மொத்தத்துக்கு இருந்தது.

"ஐயா, உங்களுக்குமா?"

"நான் குளிசை போடுறன், பயப்பிடாதையும். எங்கட அண்ணாவுக்கும் இருந்தது. அவற்ற காலை அப்ப ஒருத்தரும் பாக்கேல்ல."

ரயில் வரும்வரை அந்தக் காலை நான் விடவில்லை.