எண்விழியனின் மூக்கு

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்குள் நுழைந்த ஸ்டீபன், தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மேலே எண்விழியன் தொங்குவதைப் பார்த்து ஹெல்மெட்டைக் கீழே போட்டான்.

எட்டுக் கண்கள். பற்களுக்குப் பதில் பல்சக்கரம். வாய்க்கு வெளியே கன்வேயர் பெல்ட் மாதிரி நீண்ட நாக்கு. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சார்ட் பேப்பரில் அவனே வரைந்து முடித்து, லாக்கருக்குப் பின்னால் வைத்தவன், எடுத்துப்போக மறந்துவிட்டான். இப்போது அதன் கீழே ஓர் எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் ஆடிக்கொண்டிருந்தன.

"யக்கா, இத யாரு மாட்டுனது?"

கூட்டிக்கொண்டிருந்த கங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் நைனா. லாக்கர் பின்னால கெடந்துச்சு. இந்த மிஷினு வாரத்துல மூணு தபா மக்கர் பண்ணுது. திருஷ்டிக்கு ஒண்ணு இருக்கட்டுமே."

"இது திருஷ்டி பொம்மை இல்லக்கா."

"மூஞ்சப் பாத்தா பின்ன இன்னாவாம்?"

மூஞ்சிதான் பிரச்சினை. மூக்கின் இடது பக்கம் மச்சம், அதன் கீழே நுனி முறுக்கிய மீசை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தக் கம்பெனிக்குள் கால் வைத்த எவனுக்கும் அது புரொடக்‌ஷன் மேனேஜர் ஆதிகேசவன் என்று தெரிந்துவிடும்.

எண்விழியன் பிறந்தது கும்மிடிப்பூண்டியில், ஸ்டீபனும் அதே லைனில் வேலை பார்க்கும் விமலும் இன்னும் இரண்டு பேரும் தங்கியிருக்கும் அறையில். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஸ்டீபன் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவான். அதில் மாட்டிக்கொண்ட மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். உலகத்தின் பெயர் இரும்புக்காடு. அங்கே செத்துப்போன தெய்வங்களின் விலா எலும்புக்குள் தொழிற்சாலைகள் நடக்கும். பாய்லர்கள் ரத்தம் குடிக்கும். ராக்கெட் மந்திரத்தில் ஓடும். பேய்களை சிலிண்டரில் அடைத்து வெல்டிங் அடிப்பது விமலின் உத்தியோகம். பகடையில் ஒன்று விழுந்தால் தொழிற்சாலையே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அப்புறம் உங்களை யாரும் பார்க்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேஸ்திரி எண்விழியன். அப்படி ஒருவனுக்கு முகம் யோசித்தபோது ஸ்டீபனுக்கு வேறு யாருமே நினைவுக்கு வரவில்லை.

நல்ல நேரமாகப் பார்த்துத்தான் கங்கம்மா மாட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை பர்மனெண்ட் லிஸ்டில் கையெழுத்துப் போடப்போகிறவர் ஆதிகேசவன். நாலு வருஷமாக கான்ட்ராக்டில் இருக்கும் ஸ்டீபனிடம், அவன் காதலிக்கும் ஸ்நேகாவின் அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பர்மனெண்ட் ஆர்டரோட வாப்பா. அதுக்கப்புறம் கல்யாணம் பேசலாம்."

"சாருகிட்ட நேரா போயி சொல்லிடுடா," என்றான் விமல். "நான்தான் வரைஞ்சேன், தெரியாம வந்துடுச்சுன்னு."

"சொல்லிட்டு? அப்படியே கேட்டுக்கு வெளிய போயிக்கினே இருக்கவா?"

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் ஸ்டீபன் படத்தைக் கழற்றி ஸ்கிராப் தொட்டிக்கு அடியில் செருகினான். இருபதாவது நிமிஷம் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் ஆயில் ஹோஸ் வெடித்தது. விமல் தலையிலிருந்து ஷூ வரை எண்ணெயில் குளித்தான். இரண்டு மணி நேரம் லைன் நின்றது. படம் திரும்பி வராமல் பட்டனைத் தொடமாட்டோம் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கங்கம்மா தேடி எடுத்துக் கொடுத்தாள். மெயின்டனன்ஸ் ஆட்கள் டிரில் போட்டு, நாலு மூலைக்கும் போல்ட் அடித்தார்கள்.

சாயங்காலம் ஆதிகேசவன் படத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றார். மீசையைத் தடவிக்கொண்டார். கேபினுக்குப் போனார். பத்தடி தள்ளி நின்ற ஸ்டீபன் சட்டென்று பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"கழட்ட முடியாதுன்னா மூஞ்ச மாத்திடலாம்," என்றான் ஸ்டீபன்.

"வேணாம்டா. பேஜாரு ஆயிடும்," என்றான் விமல்.

புதன்கிழமை ஆதிகேசவன் லீவு. ஸ்டீபன் கறுப்பு மார்க்கருடன் ஏணியில் ஏறினான். ஆதிகேசவன் கண்ணாடி போடுகிறவர் அல்ல. ஆகவே எண்விழியனுக்குக் கண்ணாடி போட்டான். எட்டுக் கண்ணுக்கு நாலு ஜோடி. இறங்கி வந்து பார்த்தபோது வேறு ஆள் மாதிரிதான் இருந்தது. அன்று இன்னோர் அதிசயமும் நடந்தது. மேனேஜர் இல்லாத நாளில் ஒருவனும் ஃபோனை எடுக்கவில்லை. டீ குடிக்கப் போனவர்கள் பத்து நிமிஷத்தில் திரும்பினார்கள். யாரோ முதுகையே பார்ப்பது மாதிரி இருக்கிறது என்றார்கள்.

வியாழக்கிழமை காலை ஆதிகேசவன் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். முந்தின நாள் சென்னையில் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாராம்.

"இப்பத்தான்டா அச்சு அசலா கீது," என்றான் விமல்.

மிச்சம் இருந்தது மச்சம். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டீபன் ஒரு துணியில் பெயின்ட் தின்னரை நனைத்து, மச்சத்தை மட்டும் மெல்லத் துடைத்தான். மச்சம் மட்டும் போக மறுத்தது. கொஞ்சம் அழுத்தினான். மச்சம் போனது. அதோடு மூக்கும் போனது. பாதி மீசை நாக்கு வரை ஒழுகி நின்றது. ஸ்டீபன் ஏணியிலிருந்து இறங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி தயிர்சாதம் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலும் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் வரவில்லை. பதினோரு மணிக்கு விமலைக் கேபினுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவன் ஸ்டீபனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னாடா கேட்டாரு?"

"சும்மாதான்," என்ற விமல், பாக்கெட்டிலிருந்து இருபது முகப் பகடையை எடுத்து நீட்டினான். "ஒரு தபா உருட்டிப் பாரு. மனசுக்குத் தெம்பா இருக்கும்."

ஸ்டீபன் பெஞ்சின் மேல் உருட்டினான். ஒன்று விழுந்தது.

"ஸ்டீபனு," என்று பின்னால் ஒரு குரல் கூப்பிட்டது.

துடைப்பத்தோடு கங்கம்மா நின்றிருந்தாள். "உன்ன சாரு கேபினுக்கு வரச் சொன்னாரு நைனா."

"எதுக்குக்கா?"

"அந்தப் படத்தப் பத்திதான். லாக்கர் பின்னாலேந்து எடுத்து நான் காட்டுனப்போ, அத மாட்டச் சொன்னதே அவருதானே. தன் மூஞ்சி மாதிரியே கீது, தான் இல்லாத நாளும் எட்டுக் கண்ணு ஆளுங்களப் பாத்துக்கினே இருக்கும்னு அவ்ளோ சந்தோஷம் அவருக்கு. வரைஞ்சவன் பேர லிஸ்ட்ல மொதல்ல எழுதணுமாம், மூக்க அழிச்சவன இன்னிக்கே வெளிய அனுப்பணுமாம். ரெண்டு பேரையும் உனக்கு நல்லாத் தெரியும்னு விமலு சொல்லிட்டான், வா."