ஜிம்மியின் ஆன்மா விடயமாக

முள்ளியவளை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

தங்கச்சி தாட்சாயினி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மன் துணை. இங்கும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், மாமி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாலும் அவாவின் காது விறாந்தையில் நிற்கும்.

எங்கள் நாய் ஜிம்மி செத்துவிட்டது, அண்ணா. கோயில் பொங்கலன்று சந்தியில் லொறி அடித்ததாம். பிள்ளை காணமுதல் தாட்டுவிட வேண்டுமென்று இவர் ஓடிப்போய், சனம் உரப்பையில் கட்டி வைத்திருந்ததை அப்படியே தூக்கிவந்து வேலியோரம் தாட்டார். அன்றிலிருந்து யதுர்ஷிகாவுக்கு ஒரே கேள்வி: "ஜிம்மி இப்ப எங்கயம்மா?" ஐந்து வயதுப் பிள்ளை, சாப்பாடுமில்லை, நித்திரையுமில்லை. நான் வாய் திறக்கமுதல் மாமி, "அது வேற பிறப்பு எடுத்திருக்கும் குஞ்சு, எறும்பாயும் வரும், நுளம்பாயும் வரும்" என்றா. அதோடு வீட்டில் நுளம்படிக்கத் தடை. டெங்குக் காலத்தில் நுளம்புத்திரி கொளுத்தினால் "ஜிம்மிக்கு மூச்சு முட்டும்" என்று குழறுகிறாள். அது என் காலைக் கடிக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ராஜினி அக்காவிடம் போய் இதை எப்படியாவது மாற்றித் தாங்கோ என்று கெஞ்சினேன். அவா வேதக்காரி, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போறவா, ஜிம்மி மோட்சத்தில் ஆண்டவரோடு சந்தோசமாய் இருக்குது என்றா. "அப்ப நாங்களும் நாளைக்குப் போவமோ?" என்று பிள்ளை காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்து நிற்க, நான் அதைக் கழற்றி அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்தேன். ஊசி போடக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் அங்கே சிங்களத் தாதி, நல்ல மனுசி, "அழ வேணாம் பபா, எல்லாம் மாறும், ஒண்டும் நிலையில்லை" என்றா. "அம்மாவுமோ?" என்று கேட்டவள்தான், இப்போது நான் குளிக்கப் போனாலும் கிணற்றடியில் என் சட்டையைப் பிடித்தபடி நிற்கிறாள்.

கடைசியில் நானே இறங்கினேன். சைவசித்தாந்தத்தில் ஆன்மா என்றும் உள்ளது, கிரேக்கர் சிலரும் அதற்குக் கிட்டத்தான் நின்றார்கள், பௌத்தர் அப்படியொன்றே இல்லை என்றார்கள் என்று வாயில் சோறு தீத்தித் தீத்தி விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா, உங்களுக்குத் தெரியாது என்ன?" என்றாள். உங்கட மச்சானைக் கேட்டால், "பட்டதாரி நீர் இருக்க நான் என்னத்தைச் சொல்ல?" என்று கோழிக்குத் தீன் வைக்கப் போய்விட்டார். ஒப்பிட்டு விளக்குக என்றால் பக்கம் பக்கமாய் எழுதுவேன் அண்ணா. இந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வசனம் இல்லை. கம்பசில் மெய்யியல் எடு என்று சொன்னது நீங்கள்தானே, நீங்களே ஒரு பதில் அனுப்புங்கோ. எது உண்மை என்று கேட்கவில்லை. பிள்ளை சாப்பிட்டுப் படுக்கிற மாதிரி ஒன்று போதும்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். அம்மன் உங்கள் வீட்டில் எல்லாரையும் காக்கட்டும். நேரமிருந்தால் இந்தப் பக்கமும் பார்க்கட்டும்.

தங்கச்சி,
தாட்சாயினி

பி.கு.: கடிதத்தை மடிக்க, வாசல் படலையில் குரைப்பு. ஜிம்மி! பொங்கலுக்கு நடந்துபோன சனத்தின் பின்னால் வற்றாப்பளைக்குப் போய், கோயிலடியில் தின்று கொழுத்து, ஆரோ பூசிவிட்ட திருநீற்றோடு வந்து நிற்குது. இவர் உரப்பையை அவிழ்த்தே பார்க்கவில்லையாம். மாமி மறுபிறப்பு என்கிறா, ராஜினி அக்கா வேலிக்கு மேலால் உயிர்ப்பு என்கிறா. யதுர்ஷிகா ஜிம்மியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கோப்பைச் சோறும் தின்று முடித்தாள். நான் மூச்சு விட்டேன். அவள் வேலியோரத்தைப் பார்த்தாள்.

"அப்ப நாங்கள் தாட்டது ஆரம்மா? அந்த நாய் இப்ப எங்க?"