சைரனுக்கு வந்த சாமி

இந்தியாவில் பங்க் ராக் என்கிற காட்டுக்கத்தல் இசை எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒப்பந்தத் தொழிலாளர் விடுதி மாடியில் என்று தயங்காமல் சொல்லுங்கள். பெற்றவன் சைரன். எங்கள் இரும்பு கம்பெனியில் கிரைண்டிங் பிரிவு. அவன் பாட ஆரம்பித்தால் ஷிப்ட் முடிந்ததென்று நினைத்து ஆட்கள் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார்கள். அதனால் அந்தப் பெயர்.

பக்கத்துக் கட்டில் அசாம்காரன்தான் அந்த இசையைப் போனில் போட்டுக் காட்டினான். நாலே பேர், தொண்டை கிழிகிற கோபம். சைரன் சொக்கிப்போனான்.

"இதுக்கு சுருதி, சங்கதி ஒன்னும் வோணாமா? அப்போ இது நம்ப ஏரியாடா!"

அசாம்காரன் காலி பெயிண்ட் டின்களைத் தட்ட, ஒடிசாக்காரன் ஒருவன் கிடாரைப் பிறாண்ட, குழு தயார்.

முதல் பாட்டே என்மேல்தான். நான் ஸ்டோர் கிளார்க். மாதம் ஒரு ஜோடி கையுறை கொடுப்பேன்; பத்து நாளில் கிழிந்துவிடும். "கிளவுஸ் குடு, கிளவுஸ் குடு" என்பதுதான் மொத்தப் பாட்டும்.

"தப்பா நெனச்சிக்காத நைனா. உன்ன திட்டல, ஸ்டோரத்தான் திட்டிக்கினுகீறேன்" என்று சமாதானம் வேறு.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் மேடை கிடைத்தது. அன்றுதான் மேனேஜர் கையால் சைரனுக்கு நிரந்தர வேலை உத்தரவு. ஆறு வருஷம் காத்திருந்தான்.

"உத்தரவ வாங்கிக்கினு அப்பறம் பாடுடா" என்றேன்.

"வாங்கிட்டா வாய் வராது நைனா."

பாடினான். குதித்தான். தலையைச் சுழற்றினான். பேக்கிங் பிரிவு அக்கா ஒருவர் "சாமி வந்துடுச்சி!" என்று குலவையிட்டார். யாரோ வேப்பிலை ஒடித்து வந்தார்கள், யாரோ கற்பூரம் காட்டினார்கள். மேனேஜர் பயபக்தியோடு கைகூப்பினார்.

"சாமிக்கு என்ன வேணும்? கிளவுஸா? செஞ்சிடறோம்."

தலையாட்டியிருந்தால் போதும். கையுறையும் வந்திருக்கும், உத்தரவும் வந்திருக்கும். "சாமின்னே சொல்லுடா" என்று நான் கிசுகிசுத்தேன். சைரன் கற்பூரத் தட்டை விலக்கிவிட்டு மூச்சு வாங்கினான்.

"சாமியும் இல்ல, ஒன்னும் இல்ல சார். நான்தான் கேக்கறேன்."

உத்தரவு வரவில்லை. மூவரையும் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அசாம்காரன் தன் ஊரில் ஒரு குழு ஆரம்பித்தான், ஒடிசாக்காரன் அவன் ஊரில் ஒன்று, சைரன் பொன்னேரியில் ஒன்று. ஆட்களைத் துரத்தியே நாடெங்கும் ஓர் இசையை வளர்த்த பெருமை எங்கள் கம்பெனிக்கு.

கையுறை மட்டும் அடுத்த மாதமே நாலு ஜோடியானது. எல்லோரும் வாங்கிப் போகிறார்கள். "நானும்தான் கேக்கறேன் சார்" என்று அன்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அந்தக் கிறுக்கனை எனக்கு அவ்வளவு பிடிக்கும், இருந்தும் சொல்லவில்லை.