வாசல் காசு

"உங்கள் அனுமதி எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்றது திரை.

கட்டடங்களுக்கு மூங்கில் சாரம் கட்டுகிற சாரக்காரன் டிஸ்க் பெட்டியைக் கவிழ்த்து உதறினான். விழுந்தது ஒரே ஒரு துண்டுச்சீட்டு. அதில் எண்ணை மூடியிருந்த சுரண்டல் பட்டையை யாரோ எப்போதோ நகத்தால் வழித்தெடுத்திருந்தார்கள்.

பழைய டிஸ்க் கடையில் வாங்கிய கால்பந்து வீடியோ ஆட்டம். தனியாக ஆடினால் ஓடுகிறது. இணையத்தில் இன்னொருவரோடு மோதத்தான் எண் கேட்கிறது. இன்னொருவர் என்றால் வேறு யார், பெண்டாட்டியின் அண்ணன்தான். லாரி ஆபீஸில் மேனேஜர் ஆனதிலிருந்து மச்சானுக்கு நாக்கு ஒரு முழம் நீண்டிருந்தது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "மூங்கில் தூக்குற கைக்கு இந்த பட்டனெல்லாம் வருமா மாப்ளே?" என்று கேட்டு அத்தனை பேரையும் சிரிக்க வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டி. தோற்றவன் ஜெயித்தவனை ஒரு வருஷம் 'குருவே' என்று கூப்பிட வேண்டும்.

இவன் ஆடுகிற மிஷினே மச்சான் புதுசு வாங்கியபோது, "போனாப் போகுது, வச்சுக்குங்க" என்று தள்ளிவிட்ட பழசுதான். திரையின் மூலையில் எப்போதும் 'சூரப்புலி' என்று மின்னும். மிஷினின் மாடல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினான்.

"டிஸ்க் வித்தேன், டிஸ்க் ஓடுது. அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர், காதைக் குடைந்தபடி.

"உள்ள விட மாட்டேங்குதுங்களே."

"அது கம்பெனி வாசல். முதல்ல வாங்குனவனுக்குச் சும்மா திறக்கும். பின்னால வர்றவனெல்லாம் வாசல் காசு கட்டணும்."

"பழைய செருப்பு வாங்குனா, தெருவுல நடக்க செருப்புக் கம்பெனிக்குக் காசு கட்டணுமா?"

"மெதுவாப் பேசுப்பா. எவன் காதுலயாவது விழுந்தா நாளைக்கே கேப்பான்."

கடைசியில் டிஸ்க்கைப் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதே ஆட்டத்தின் வேறொரு டிஸ்க்கை வாடகைக்குத் தந்தார். "இது புது சரக்கு. எண் அப்படியே இருக்கும்."

இருந்தது, பயன்படுத்தப்பட்டு இருந்தது. முதல் வாடகைக்காரனே அதைத் தின்று ஏப்பம் விட்டுப் போயிருந்தான். சொந்த டிஸ்க்கும் போச்சு, வாடகையும் ஏற ஆரம்பித்தது.

கம்பெனிக்குப் போன் போட்டான்.

"வணக்கம் சார், உங்கள் மகிழ்ச்சியே எங்கள் லட்சியம்" என்றது ஒரு பெண்குரல்.

"என் மகிழ்ச்சி வாசல்லயே நிக்குதும்மா. உள்ள விடுங்க."

"புது டிஸ்க் வாங்கினீங்களா சார்?"

"வாடகை."

"அப்ப நீங்க எங்க வாடிக்கையாளர் இல்லையே சார்."

"இல்லாதவன்கிட்ட எதுக்கும்மா காசு கேக்குறீங்க?"

அதற்குப் பதிலாகப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

ஒரு தடவை கட்டின சாரத்துக்கு, ஏறுகிற ஒவ்வொரு கொத்தனாரிடமும் அவன் தனியாகக் காசு கேட்டால் மேஸ்திரி செருப்பைக் கழற்றுவார். கோட்டுப் போட்டவன் கேட்டால் அதற்குச் 'சேவை' என்று பேர்.

பாட்டு முடிகிற வழியாக இல்லை. பெண்டாட்டியின் கார்டைக் கெஞ்சி வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். டிஸ்க் விலையில் பாதி. 'சூரப்புலிக்கு அனுமதி வழங்கப்பட்டது' என்றது திரை. அடுத்தவன் கட்டிய சாரத்தை உதைத்துப் பார்க்காமல் அதில் கால் வைக்காதவன், இங்கே எதையும் உதைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மச்சான் போனில் வந்தார். பின்னால் சொந்தபந்தங்களின் சலசலப்பு.

"மாப்ளே, நானும் பழைய டிஸ்க்தான் வாங்கியிருக்கேன். என்கிட்ட வாசல் காசே கேக்கல. ஆளைப் பார்த்துத்தான் கேப்பான் போல."

சாரக்காரன் டிஸ்க்கைச் செருகினான். "வாங்க மச்சான், மைதானத்துல பேசிக்கலாம்."

உள்ளே நுழைந்தான். திரை இருண்டது. 'இந்தக் கணக்கு வேறொரு மிஷினில் திறக்கப்பட்டுள்ளது.'

மறுபடி நுழைந்தான். இந்தத் தடவை போனில் மச்சான் அலறினார். "யோவ் மாப்ளே, என்னை வெளிய தள்ளிடுச்சு. வயரை ஆட்டினீங்களா?"

"உங்க ஊட்டு வயரை நான் எப்படி மச்சான் ஆட்டுவேன்?"

மச்சான் நுழைந்தார், இவன் வெளியே விழுந்தான். இவன் நுழைந்தான், அவர் விழுந்தார். ஒரே கழிப்பறைக்கு இரண்டு பேர் அவசரப்பட்ட மாதிரி இருந்தது. பந்து மட்டும் நடுமைதானத்தில் அசையாமல் கிடந்தது.

"தோத்துருவோம்னு பயந்துட்டு ஏதோ தில்லுமுல்லு பண்றீங்க" என்றார் மச்சான். "பேசாம 'குருவே'ன்னு சொல்லிட்டுப் போயிருங்க மாப்ளே, எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"பழைய டிஸ்க்கைப் போட்டு ஏமாத்துறது நீங்க. கம்பெனிக்குக் காசு கட்டினவன் நான்" என்று கத்திவிட்டு, சாரக்காரன் மறுபடி பட்டனைக் குத்தினான்.

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்டாட்டி கழுத்தை நீட்டித் திரையின் மூலையைப் பார்த்தாள்.

"ஏங்க, சூரப்புலின்னு சின்ன வயசுல எங்க அண்ணனைத்தானே கூப்பிடுவோம், அவர் பேருக்கு வாசல் காசைக் கட்டிட்டு, நீங்க உள்ள யாரைத் தேடிக்கிட்டிருக்கீங்க?"