தெரியுமுங்க பேர்வழியும் ஐந்து சீட்டும்

'தெரியுமுங்க' பேர்வழியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வழி சொல்ல வாயைத் திறந்ததுமே "தெரியுமுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், ஊரைச் சுற்றிவிட்டு அதே முக்குக்குத் திரும்பி, உங்களைப் பார்க்காதவர் போல் பக்கத்துக் கடைக்காரரிடம் வழி கேட்பாரே, அவர்தான். டாக்டர் எழுதி முடிக்குமுன் மாத்திரையின் பெயரைச் சொல்வார். கல்யாண மண்டபத்தில் சமையல்காரருக்கு உப்பின் அளவைச் சொல்வார். கற்றுக்கொள்ளும் ஆசை அவருக்கு நிறைய உண்டு. கற்றுக்கொடுக்கத்தான் விடமாட்டார்.

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் சாமியப்பன் இந்த இனத்தின் அசல் வித்து. அவருக்குத் திடீரென்று போக்கர் படிக்கும் தேவை வந்தது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொண்டுவரும் ராபின் துரைக்கு ஸ்டட் போக்கர் என்றால் உயிர். போன வருடம் நல்லூர் கலீல் அவரோடு உட்கார்ந்து நாலு ஆட்டம் ஆடினார். குளிர்கால ஆர்டர் முழுக்கக் கலீல் கம்பெனிக்குப் போயிற்று. இந்த வருடமும் போனால் சாமியப்பனின் பாதி மிஷின்களுக்குத் துணி போர்த்த வேண்டியதுதான். சீட்டாட்டத்துக்கும் சட்டை ஆர்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நீங்கள் திருப்பூரில் தொழில் செய்ததில்லை போலிருக்கிறது.

கம்பெனியில் மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டர் கொடுப்பவர்களோடு பேசும் வேலை, பார்க்கும் மருமகள் இந்துமதிக்கு இந்த ஆட்டம் தெரியும். மாமனாரை எதிரே உட்கார வைத்து, பந்தயத்துக்குச் சட்டைப் பொத்தான்களைப் பரப்பினாள்.

"மாமா, ஆளுக்கு அஞ்சு சீட்டுங்க. ஒண்ணைக் கவுத்துப் போடுவாங்க, அது உங்களுக்கு மட்டுந்தான் தெரியோணும். மத்த நாலும் ஒவ்வொண்ணா..."

"தெரியும் அம்மிணி. நம்ம ரம்மி மாதிரித்தான்."

"ரம்மி இல்லீங்க மாமா. நாலு சீட்டை எல்லாரும் பாப்பாங்க."

"அதுவுந் தெரியும்."

"எது எதை ஜெயிக்கும்னு மட்டும் கேட்டுக்குங்க."

"சீட்டுப் புடிச்சே வளந்த கையி இது. உடு கண்ணு."

விட்டாள். வேறென்ன செய்வாள்?

ராபின் வந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் சீட்டு இறங்கியது. கடைசி ஆட்டத்தில் சாமியப்பனுக்குத் திறந்து விழுந்தவை ஹார்ட்டினில் ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது. மனிதர் உள்ளுக்குள் பூரித்துப் போனார். ஐந்து ஆறு ஏழு வரிசையாக வந்துவிட்டதே, ரம்மியில் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இந்த ஆட்டத்தில் மூன்று வரிசைக்கு மூன்று காசு மதிப்பில்லை. கவிழ்ந்திருக்கும் ஐந்தாவது சீட்டும் ஹார்ட்டினாகவோ, இல்லை ஓர் எட்டாகவோ இருந்தால்தான் வெற்றி. அது கிளாவர் ஜாக். அதை அவர் ரம்மியில் கழிக்கும் சீட்டாக நினைத்து ஒதுக்கியே விட்டார்.

ராபினிடம் இரண்டு ராஜாக்கள் இருந்தார்கள். ஜெயிக்க அதுவே போதும். சாமியப்பன் பொத்தான்களை மொத்தமாக நடுவில் தள்ளினார். ராபின் அவர் முகத்தைப் பார்த்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து, கடனெல்லாம் அடைத்து, காசிக்கும் போய் வந்தவரின் முகம் அது. கலக்கம் மருந்துக்கும் இல்லை. கவிழ்ந்ததும் ஹார்ட்டின்தான் என்று நம்பி, ராபின் பெருமூச்சு விட்டு ராஜாக்களைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

சாமியப்பன் ஜெயித்துவிட்டார். அதோடு எழுந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். யாரும் கேட்காமலே கவிழ்ந்த சீட்டைத் திருப்பிக் காட்டினார். "நமக்கு ஒளிக்கத் தெரியாதுங்க. இது வேண்டாத சீட்டுங்க."

ராபின் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்து சாம்பிள் மேஜைக்கு வந்தார்கள். வெள்ளைக் காலர் வைத்த சிவப்புச் சட்டை. துவைத்தால் சாயம் காலரில் இறங்காதா என்று ராபின் கேட்டதை இந்துமதி தமிழில் சொன்னாள். "மாமா, டெஸ்ட் ரிப்போர்ட் இன்னும் வரலைங்க" என்று மெதுவாகச் சேர்த்தாள்.

"தெரியுமுங்க. இறங்காதுங்க" என்றார் சாமியப்பன், சற்றுமுன் பொத்தான்களைத் தள்ளிய அதே முகத்தோடு.

ராபின் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைகுலுக்கிவிட்டு நல்லூருக்குப் போனார். கலீலிடமும் இதே கேள்வி. "தெரியலீங்க. டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேனுங்க" என்றார் கலீல். ஆர்டர் அவருக்கு.

அடுத்த வாரம் சாமியப்பன் சட்டையின் ரிப்போர்ட் வந்தது. சாயம் ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை. மனிதர் சொன்னது அப்படியே உண்மை. பாவம், எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஆர்டர் கலீல் அண்ணனுக்குப் போயிருச்சுங்க மாமா" என்றாள் இந்துமதி.

"தெரியும் அம்மிணி" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போகட்டும், நம் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு படித்ததில் ஸ்டட் போக்கர் என்னவென்று உங்களுக்கு ஒருவாறு பிடிபட்டிருக்குமே? நாளைக்கு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அது ரம்மி மாதிரி இல்லீங்க" என்று விளக்கத் தொடங்கலாம் என்றுகூட இருக்குமே? தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் எது எதை ஜெயிக்கும் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை.